எதிர் வீட்டு அக்காவின் ஒற்றைப் பிளக்

உங்கள் வீட்டில் ஒரே ஒரு பிளக் மட்டும்தான் வேலை செய்யும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எதைச் சொருகுவீர்கள்?

ஆறு வருடங்களுக்கு முன்பு ஆயர் ஈத்தாமில் இந்தப் பிளாட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்று, எதிர் வீட்டு அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. நான் ஏழு மாத வயிற்றோடு பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அவர் எங்கள் வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு, ஏதோ முக்கியமான விஷயம் விசாரிப்பவர் போலக் கேட்டார்.

"ரைஸ் குக்கர்" என்றேன். உடனே, "இல்லக்கா, ஃபிரிட்ஜ்" என்றேன். பிறகு எனக்கே சந்தேகம் வந்து, "போன்?" என்று அவரையே திருப்பிக் கேட்டேன்.

என் கணவர் உள்ளேயிருந்து, "ஏர்கான் லா அக்கா, வேற என்ன!" என்றார்.

அக்கா வாயைத் திறக்காமல் மூக்காலேயே சிரித்தார். "ரெண்டு பேரு, நாலு பதிலு. பரவால்ல. அவசரமில்ல தங்கச்சி, யோசிச்சிச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா அப்போதே ஐம்பதைத் தாண்டியிருந்தார். பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், செய்து முடித்த பொருள்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை. அங்கே மணிக்கட்டில் கட்டிக்கொள்ளக் கொடுக்கும் நீலப் பட்டை பழசாகிவிட்டால் வீட்டுக்குக் கொண்டுவந்து, அதில்தான் தலைமுடியைக் கட்டிக்கொள்வார். யார் வீட்டுக்குப் போனாலும் மனிதர்களைப் பார்ப்பதற்கு முன் சாமான்களைப் பார்ப்பார். மிக்ஸியைக் குப்புறக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பார். டிவிக்குப் பின்னால் தலையை விடுவார். "இது எவ்ளோ கரண்ட் குடிக்குது பாரு" என்பார், மாட்டைப் பற்றிப் பேசுவது போல.

என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்றும் அப்படித்தான். குழந்தையைக் கையில் வாங்கி, முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்து, "சீட்டே ஒட்டலையே. இது எவ்ளோ குடிக்கும்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?" என்றார். என் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, மாமியார் முன்னால் சிரித்தது சரியா என்று ஒரு வாரம் யோசித்தேன். எதையும் செய்துவிட்டு ஒரு வாரம் யோசிப்பது என் வழக்கம்.

அக்காவின் வீட்டில் உண்மையிலேயே ஒரு பிளக்தான் இருந்தது. மற்ற எல்லாவற்றின் மேலும் கறுப்பு டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தார். கூரை விளக்குகளில் பல்பு கிடையாது. ஹாலில், சுவரோரமாக இருந்த அந்த ஒற்றைப் பிளக்கில்தான் மேசை விளக்கு, காற்றாடி, ரைஸ் குக்கர், போன், இஸ்திரிப் பெட்டி எல்லாம் முறை போட்டுக்கொண்டு காத்திருக்கும். ஒன்றைப் பிடுங்கினால்தான் இன்னொன்று.

ஒருநாள் மாலை கருவேப்பிலை கேட்கப் போனேன். அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரைஸ் குக்கரில் அரிசியும் தண்ணீரும் அப்படியே இருந்தன.

"பசிக்கலையாக்கா?"

"பசிக்குது லா. சட்டையத் தேச்சா சோறு லேட்டு. சோத்த ஆக்குனா சட்டை கசங்கல். நேத்து கசங்கலோட போனேன், சூப்பர்வைசர் ஏசிட்டான். அதனால இன்னிக்குச் சட்டை ஜெயிச்சிருச்சு."

"இன்னொரு பிளக்கத் திறந்து விட்டா என்னக்கா?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "திறந்தா அப்புறம் யோசிக்கவே மாட்டேனே."

மாடியில் அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கஞ்சம் என்றார்கள் சிலர். ஆனால் டுரியான் காலத்தில் பாலிக் பூலாவ் வரைக்கும் போய் நல்ல பழமாகப் பார்த்து வாங்கிவந்து, தளத்தில் ஒரு வீடு விடாமல் கொடுப்பவரைக் கஞ்சம் என்று எப்படிச் சொல்வது? என் கணவர், "அக்காவுக்கு ஏதோ நேர்த்திக்கடன்" என்றார். சின்ன வயதில் விளக்கில்லாத வீட்டில் கஷ்டப்பட்டு வளர்ந்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதைக் கேட்டும்விட்டேன்.

"யாரு சொன்னா? எங்கப்பா வயர்மேன். வீடு பூரா பிளக். கக்கூஸ்ல கூட ரெண்டு வச்சிருந்தாரு."

காரணம் வேறு. அக்கா வருடம் முழுவதும் விடுமுறை எடுக்காமல் சேர்த்துவைத்து, மொத்தமாக எடுத்துக்கொண்டு, கடல் தாண்டி இருக்கும் சபா மாநிலத்துக்குப் போவார். அங்கே, ஆற்றோரமாகப் படகில் போய்ச் சேரவேண்டிய உள்கிராமங்களில், மின்கம்பி எட்டாத வீடுகளுக்குக் கூரையில் ஒரு சூரியத் தகடும் உள்ளே ஒரு பேட்டரியும் பொருத்தித் தரும் சின்னக் குழு ஒன்றில் சேர்ந்து வேலை செய்வார். ஒரு வீட்டுக்கு ஒரு தகடு. அதில் வருவது கொஞ்சம்தான்.

"அந்த வீட்ல நின்னுக்கிட்டு, 'இவ்ளோதான் வரும், இதுக்கு மேல கேக்காதீங்க'ன்னு நான் சொல்லணும். அப்புறம் பிளேன் ஏறி இங்க வந்தா, கை தானா நாலு சுவிட்சத் தட்டுது. சொல்ற வாய்க்கு அது எப்படி இருக்கும்னு தெரிய வேணாமா?" என்றார்.

அதனால்தான் அந்தக் கறுப்பு டேப். எனக்கு அது புரிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால், இன்றைக்கு எது ஜெயித்திருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கும்.

அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்காமல் விட்டதில்லை. தொழிற்சாலையில் பல நாட்டு ஆட்கள் வேலை செய்தார்கள். அவர்களுடைய ஊரில், அவர்களுடைய வீட்டில் ஒரே ஒரு பிளக் என்றால் எது என்று கேட்டுவிட்டு வருவார். மாலையில் தேநீர்க் குவளையோடு என் வாசலில் நின்று, ஊர்க்கதை சொல்வது போலச் சொல்வார்.

நேப்பாளத்துப் பையன் ஒருவன், அம்மாவுடைய போன் என்றானாம். "மலை ஏறி, பக்கத்து ஊருக்குப் போயி சார்ஜ் போட்டுட்டு வருவாங்களாம். இவன் கூப்பிடுற அன்னிக்கு மட்டும். போன்ல சார்ஜ் இருக்கிற வரைக்கும்தான் இவன் மகன்." வங்காளதேசத்துக்காரர் அப்பாவுக்குக் காற்றாடி என்றாராம். கெலுகோரில் பல்கலைக்கழகத்துக்கு அருகே பேருந்துக்கு நிற்கும்போது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மாணவி ஒருத்தியிடம் கேட்டிருக்கிறார். அவளுடைய அம்மா கிராமத்து நர்ஸ். தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜ் என்று யோசிக்காமலே சொன்னாளாம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை பாய், "ஒரு பிளக்கா? அதுல என் மச்சானச் சொருகணும். அப்பவாச்சும் வேலை செய்யுறானா பாப்போம்" என்றதை அக்கா ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எங்கள் தளத்துக் கோடி வீட்டுச் சீன அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. "என் மனைவியோட மெத்தை" என்றார். அவர் மனைவி படுத்த படுக்கை. முதுகில் புண் வராமலிருக்க, காற்று ஏறி இறங்கும் மெத்தை ஒன்று வைத்திருந்தார். அதற்கு ஒரு சின்ன மோட்டார்.

"உலகத்தில எங்க போனாலும் பாரு, ஒரு பிளக்குன்னா யாரும் தனக்குன்னு சொல்ல மாட்டாங்க. உன் வீட்டுக்காரரத் தவிர" என்பார் அக்கா. என் கணவர், "நான் ஏர்கான்னு சொன்னது இவளுக்குத்தான் அக்கா" என்பார். "ஆமா ஆமா, நம்பிட்டேன்."

அவர் வீட்டு அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில், கரி படிந்த பல்பு ஒன்று இருந்தது. நான் ஒருமுறை துடைக்கக் கையில் எடுத்தேன். "ஐயோ, தொடாத!" என்று ஓடிவந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அக்காவின் குழு முதல் முறை போன கிராமத்துப் பல்பு அது. பிள்ளைகள் படிக்கட்டும் என்று, ஒவ்வொரு வீட்டிலும் முன்கூடத்தின் நடுவில் விளக்கு மாட்டியிருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்துக் கேட்டுத்தான் செய்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்களாம். மறு வருடம் அக்கா போய்ப் பார்த்தால், ஒரு வீட்டில் கூடத்தில் விளக்கைக் காணோம். வயரைத் துண்டு துண்டாக முடிச்சுப் போட்டு, பிளாஸ்டிக் கயிற்றால் சுற்றி, பின்னால் அடுப்படி வரைக்கும் இழுத்திருந்தார்கள். அடுப்புக்கு நேர் மேலே பல்பு தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் ஏசிட்டேன் தங்கச்சி. தீப்பிடிச்சா என்ன செய்வீங்க, யாரக் கேட்டு இத இழுத்தீங்கன்னு சத்தம் போட்டேன். அந்தப் பொண்ணு ஒன்னும் கோவப்படல. 'நாலு மணிக்கு எழுந்து இருட்டுல சமைக்கிறேன். நீங்க வந்து கேட்டப்ப நான் அடுப்படியில இருந்தேன்'னு சொல்லிச்சு. அவ்ளோதான் சொல்லிச்சு."

அக்கா வயரை ஒழுங்காகப் போட்டு, புதுப் பல்பு மாட்டிக் கொடுத்துவிட்டு, பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கேள்வியைக் கண்டவரிடமெல்லாம் கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

என் மகளுக்கு ஒன்றரை வயதில் இழுப்பு வந்தது. முதல் முறை அவள் நெஞ்சு உள்ளே குழிந்து குழிந்து எழுந்ததைப் பார்த்ததிலிருந்து நான் பழைய ஆள் இல்லை. டாக்டர் சொன்ன அத்தனையும் செய்தேன். திரைச்சீலைகளைக் கழற்றினேன், பொம்மைகளைத் துவைத்தேன், மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் வாங்கினேன். "வாயில மருந்து அடிக்கிற இந்த பஃபும், அதோடு மாட்டுற இந்தக் குழலும் இருந்தா பெரும்பாலும் போதும்மா, கரண்ட்டே தேவையில்ல" என்று டாக்டர் பொறுமையாகக் காட்டித் தந்தார். தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனாலும் அந்த இயந்திரத்தின் இரைச்சல் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

அக்கா வந்து அதையும் கவிழ்த்துப் பார்த்தார். "சத்தம்தான் பெருசு. குடிக்கிறது கம்மி" என்றார். பிறகு சீட்டை விட்டுவிட்டு என் முகத்தைப் படித்தார். "நீதான் ரொம்பக் குடிக்கிற."

இனி அந்தச் சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. மத்தியானம் எங்கள் மாடிப்படிப் பக்கத்து மின்பலகையில் ஏதோ வெடித்து, கருகிய நாற்றம் வந்தது. எங்கள் பக்கத்து வீடுகள் மொத்தமும் அணைந்துவிட்டன. பழுது பார்க்க வந்தவர், சாமான் மாற்ற வேண்டும், நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எல்லோரும் நடைபாதையில் வந்து நின்றோம்.

அக்காவிடம் ஒரு பெட்டி இருந்தது. சபாவுக்குக் கொண்டுபோக அவரே செய்தது. உள்ளே பேட்டரி, மேலே கைப்பிடி, பக்கத்தில் ஒரே ஒரு பிளக். எவ்வளவு மின்சாரம் மிச்சம் என்று காட்ட நான்கு பச்சை விளக்குகள். அன்று அவருக்கு மாலை ஷிஃப்ட். தொழிற்சாலைப் பேருந்து கீழே வந்துவிட்டது. பெட்டியைக் கொண்டுவந்து நடைபாதையில் வைத்து, அவசரமாகக் கேட்டார்: "இப்ப யாருக்கு வேணும்?"

அங்கிள் கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குவது போல. மெத்தை.

நான் மகளை இடுப்பில் வைத்திருந்தேன். அவளுக்கு இழுப்பு இல்லை. காலையில் இரண்டு முறை இருமியிருந்தாள், அவ்வளவுதான். பஃப் என் பையிலேயே இருந்தது. "பாப்பாவுக்கு ஆரம்பிச்சிருச்சுக்கா" என்று என் வாய் சொல்லிற்று.

அங்கிள் கையை இறக்கிக்கொண்டார். "அனாக் டுலு லா" என்றார். பிள்ளைதான் முதலில். "நான் காத்திருக்கிறேன்" என்றும் மலாயில் சொன்னார்.

"பத்து நிமிசம் போதும் தங்கச்சி, பாப்பாவுக்குக் குடுத்து முடிச்சதும் அங்கிளுக்குக் கொண்டுபோயி குடுத்துரு" என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கி ஓடினார்.

நான் கொடுக்கவில்லை.

கொடுக்கக்கூடாது என்று நினைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்றுதான் நினைத்தேன். மகள் சாப்பிட்டு முடிக்கட்டும், தூங்கட்டும், மூச்சை ஒருமுறை கேட்டுவிடுவோம் என்று நினைத்து நினைத்தே விடிந்துவிட்டது. அங்கிளும் கதவைத் தட்டவில்லை. காத்திருக்கிறேன் என்று சொன்னவர் காத்திருந்தார்.

மறுநாள் மத்தியானம் மின்சாரம் வந்தது. அக்கா பெட்டியை எடுக்க வந்தபோது அங்கிளும் நடைபாதையில் நின்றார். மனைவியை நேரம் பார்த்துப் பார்த்துக் கையாலேயே புரட்டிப் படுக்க வைத்ததைச் சொல்லி, "சாத்தே கறிக்குச்சி வாட்டுற மாதிரி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று இரண்டு கைகளாலும் செய்து காட்டிச் சிரித்தார். மனைவியின் முதுகில் ஓர் இடம் சிவந்திருக்கிறதாம், மருந்து போட்டிருக்கிறாராம். "பாப்பா ஓகேயா?" என்று என்னிடம் கேட்டார்.

அக்கா குனிந்து பெட்டியின் பொத்தானை அமுக்கினார். நான்கு பச்சை விளக்குகளும் எரிந்தன. நான்கும். அவர் அவற்றையே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லவேளை, பிள்ளைக்கு இழுக்கல" என்றார். தமிழில், என்னிடம் மட்டும்.

அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை. வழக்கம்போலத் தேநீரோடு வந்து வாசலில் நின்றார். எப்போது கேட்பார், எப்போது கேட்பார் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். கேட்டிருந்தால் அழுதுவிட்டு முடித்திருப்பேன். சில மாதங்களில் அங்கிள் மனைவியை, எங்கள் தீவை விட்டு அக்கரையிலிருந்த மகள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். நான் அவரிடமும் சொல்லவில்லை.

போன வருடம் அக்கா வேலையிலிருந்து ஓய்வுபெற்று சபாவுக்கே போய்விட்டார். கரி படிந்த பல்பைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பெட்டியை மட்டும் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார்.

"எனக்கு எதுக்குக்கா?"

"நீதான் பயப்படுற ஆளு. உன்கிட்ட இருந்தா சார்ஜ் எறங்காது" என்று மூக்கால் சிரித்தார்.

அது நம்பிக்கையா, தண்டனையா, வெறும் கேலியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எத்தனையோ விதமாக அந்தச் சிரிப்பைத் திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டேன்.

அவர் இருந்த வீட்டை இப்போது ஓர் ஏஜென்ட் எடுத்து, ஹாலைப் பலகையால் மூன்றாகத் தடுத்து, அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார். காலையில் ஆண்கள் எல்லோரும் வேலைக்குப் போனதும் மெயின் சுவிட்ச் பெட்டியைப் பூட்டிவிடுவார். மாலைதான் திறப்பார். பகலில் யாரும் இல்லையே என்பது அவர் கணக்கு. ஆனால் ஒருத்தி இருக்கிறாள். மியன்மாரிலிருந்து வந்தவள், என்னைவிடச் சின்னவள், நான்கு மாதக் கைக்குழந்தை. கணவன் கட்டட வேலைக்குப் போய்விடுவான். வெயில் ஏற ஏற அவள் குழந்தையோடு நடைபாதையில் வந்து உட்காருவாள். அக்காவாவது ஒரு பிளக்கை விட்டுவைத்திருந்தார். அதே வீட்டில் இவளுக்குப் பகலில் அதுவும் இல்லை.

குழந்தைக்குப் புழுக்கம் என்று நானே முடிவு செய்தேன். என் வீட்டிலிருந்து வயர் இழுத்து, அவள் கதவுக்கு அடியில் விட்டு, ஒரு காற்றாடியைக் கொண்டுபோய் வைத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டாம் நாள் ஏஜென்ட் பார்த்துவிட்டார். வயரை அழகாகச் சுருட்டி என் கிரில்லில் மாட்டிவிட்டு, அவளிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் அவள் கதவைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றாராம்.

"அந்தப் பொண்ணு உன்கிட்ட காத்தாடி கேட்டுச்சா?" என்றார் என் கணவர். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அடுப்படியில் இருந்த அந்தப் பெண்ணின் நினைவு வந்தது.

அடுத்த முறை போய்க் கேட்டேன். எனக்குத் தெரிந்த மலாயும் அவளுக்குத் தெரிந்த மலாயும் சேர்ந்து ஒரு மலாய். ஒரு பிளக் கிடைத்தால் எது வேண்டும்? காற்றாடியா, விளக்கா, போனா? அவள் மூன்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றாள். அறைக்குள் கூட்டிப்போய், மூலையில் சாரோங் துணி போட்டு மூடியிருந்ததைத் திறந்து காட்டினாள். தையல் மிஷின். மின்சாரத்தில் ஓடுவது, பழையது. பிள்ளை பிறப்பதற்கு முன் தொழிற்சாலையில் தைத்தவள். பகலில் அது ஓடினால் பாசார் சந்தைப் பக்கத்துக் கடைகளுக்குத் தைத்துக் கொடுப்பாள். அந்தக் காசில் சன்னல் உள்ள அறைக்கு மாறிவிடலாம். மாலையில் எல்லோரும் வந்துவிட்டால், பலகைச் சுவர் அதிர்கிறது என்று சத்தம் போடுகிறார்களாம். அந்த அறையில் ஒரு பிளக்கின் மேல் அக்கா ஒட்டிய கறுப்பு டேப் இன்னும் இருந்தது.

பெட்டியைப் பற்றிச் சொன்னேன். வயர் கிடையாது, வெளியே தெரியாது, மாலையில் என் வீட்டில் சார்ஜ் போட்டுக் காலையில் தரலாம். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பிறகு, மலாயில் அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டாள், "காக்காக் அதை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?"

என் மகளின் மருந்து இயந்திரத்துக்கு என்றேன். கரண்ட் போய்விட்டால் வேண்டுமே என்றேன். மகள் லேசாக இருமினாலே நான் போட்டுவிடும் அந்த இயந்திரத்தின் இரைச்சலை அவள் கேட்டிருக்கிறாள். உடனே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி மறுத்தாள்.

"தா அப்பா, காக். அனாக் டுலு."

பரவாயில்லை அக்கா, பிள்ளைதான் முதலில்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இங்கே மின்சாரம் போனதே இல்லை, அந்தப் பெட்டியில் என் மகளுக்காக ஒருமுறைகூட எதையும் சொருகியதில்லை, எட்டு மாதமாக அவளுக்கு இழுப்பும் இல்லை என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். அதற்கு வேண்டிய மலாய் எனக்குத் தெரியும். நான், "தெரிமா காசே" என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று வாரமாகிறது. பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மூன்று முறை வெளியே இழுத்திருக்கிறேன். ஒருமுறை கிரில் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். அன்று பார்த்து மகள் உள்ளேயிருந்து இருமினாள். தண்ணீர் புரைக்கேறிய இருமல். திரும்பிவிட்டேன்.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் முதலில் அந்தச் சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப்போகிறேன் என்றாலும், எண்ணை அழுத்தக் கை வரவில்லை.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். இதைப் படிப்பவர்களில் என்னைப் போலப் பிள்ளையின் மூச்சை எண்ணிப் பார்க்கும் அம்மாக்கள் இருப்பீர்கள். பெட்டியைக் கொடுத்துவிடு என்று மட்டும் எழுதாதீர்கள், அது எனக்குத் தெரியும். கொடுத்துவிட்டு வந்த பிறகு முதல் முறை பிள்ளை இருமும்போது, எதிர்க் கதவைத் தட்டித் திருப்பிக் கேட்காமல் எப்படி உட்கார்ந்திருந்தீர்கள்? அதைத் தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். அவள் இப்போதும் நடைபாதையில்தான் இருக்கிறாள், மடியில் குழந்தையோடு, கையூசியால் எதையோ தைத்துக்கொண்டு.